மெதுவா இருக்கா? பொட்டியை மாத்து!

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆன வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஸ்டுடியோக்காரர் ஒருவழியாக வீடியோவையும் போட்டோக்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். மொத்தம் 200 ஜிபி. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாஸ் இருக்கிறது. (நாஸ் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்து ரவுட்டரோடு இணைத்துவிடும் சின்னப் பெட்டி. வீட்டிலுள்ள லேப்டாப், டிவி, போன் எல்லாம் அதிலிருந்து ஃபைல் எடுத்துக்கொள்ளலாம்.) தம்பி லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகி, எல்லாவற்றையும் காப்பி செய்து நாஸில் பேஸ்ட் செய்கிறான். பச்சைக் கோடு நகர ஆரம்பிக்கிறது. வேகம் நொடிக்கு 11.5 மெகாபைட். மீதம் 4 மணி 50 நிமிடம்.

"அண்ணா, படுத்துத் தூங்கி எழுந்தாத்தான் முடியும் போலண்ணா..."

"அது பழைய பொட்டிடா. மாத்திடலாம்."

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. குற்றவாளிக்கு வக்கீல்கூட வைக்காமல் தீர்ப்பு!

அடுத்து ஆலோசனைப் படலம். பக்கத்து வீட்டு ஐடி மாமா "புது ரவுட்டர் போடுங்க, பறக்கும்" என்பார். காலேஜ் சீனியர் "ஜம்போ ஃப்ரேம் ஆன் பண்ணுடா" என்பார். கடைக்காரரிடம் போனால், கேட்கவே வேண்டாம், எஸ்எஸ்டி போட்ட புது நாஸுக்கு எஸ்டிமேட் போட்டே கொடுத்துவிடுவார். மூவரும் மூன்று வைத்தியம் சொல்கிறார்கள். மூவரில் ஒருவரும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: திரையில் என்ன எண் தெரிகிறது?

கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏனென்றால் அந்த 11.5 என்பதே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

பெட்டி மேல் இருக்கும் எண்

நெட்வொர்க் சாமான் விற்பவர்கள் எல்லோரும் பிட்டில் பேசுவார்கள். ஃபைல் காப்பி செய்யும்போது கம்ப்யூட்டர் பைட்டில் பேசும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 1000 என்ற எண்ணை 8-ஆல் வகுத்தால் வருவது நொடிக்கு 125 மெகாபைட். அதிலும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையில் ஒட்டும் முகவரிச் சீட்டுகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது சுமார் 118. விண்டோஸில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யும்போது 110-ஐ ஒட்டி வந்தால் அந்த கிகாபிட் நெட்வொர்க் நூற்றுக்கு நூறு ஆரோக்கியம்.

இப்போது 100 மெகாபிட் இணைப்புக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வகுத்தால் 12.5. முகவரிச் சீட்டுச் செலவு போக 11-லிருந்து 12-க்குள். ஆக, தம்பி பார்த்த 11.5 "மெதுவான" வேகமே இல்லை. 100 மெகாபிட் பாதை ஒன்று தன் முழு பலத்தையும் போட்டு ஓடும் வேகம். பெட்டி மூச்சுமுட்ட ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போட்டிருக்கும் ரோடு ஒத்தையடிப் பாதை.

கிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 எப்படி வந்தது? பெரும்பாலும் கேபிள். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகள். பழைய 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எட்டில் ஒரு இழை அறுந்திருந்தாலோ, கிரிம்ப் செய்தவர் நாலு இழையை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தாலோ, கதவிடுக்கில் கேபிள் நசுங்கியிருந்தாலோ, பெரும்பாலான நெட்வொர்க் சிப்புகள் சத்தமே போடாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும். இன்டர்நெட் வரும். யூட்யூப் ஓடும். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது, 200 ஜிபி காப்பி போடும் நாள் வரை.

கேபிள் சரியென்றால் போர்ட்டைப் பார்க்க வேண்டும். நான்கு போர்ட் இருக்கும் ஃபைபர் பெட்டிகள் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்ற மூன்றும் 100. இடையில் எந்தக் காலத்திலோ வாங்கிய ஸ்விட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தாலும் அதே கதிதான். சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிசோ, அந்தக் கண்ணியின் பலம்தான் மொத்தச் சங்கிலிக்கும். மாற்ற வேண்டியது பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியை அல்ல, ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும் கேபிளை. அதை மாற்றினால் அதே 200 ஜிபி அரை மணி நேரத்தில் போய்ச் சேரும்.

வைஃபை என்னும் பொது மைக்

சரி, லேப்டாப்பில் கேபிளே இல்லை, வைஃபைதான் என்றால்? அட்டைப்பெட்டி எண்களின் உச்சக்கட்ட உட்டாலக்கடி இங்கேதான் நடக்கிறது. ஏசி1900 என்று ஒரு ரவுட்டர் வகை. 1900 என்பது எங்கிருந்து வந்தது? 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 600, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1300, இரண்டையும் கூட்டிப் போட்டாயிற்று! ஒரு லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி வைஃபை 7-ல்தான் வந்தது. வீட்டுக்கு முன்வாசல் மூன்றடி, பின்வாசல் இரண்டடி என்பதற்காக, ஐந்தடி அகல பீரோ உள்ளே போகும் என்று யாராவது சொல்வார்களா?

அந்த 1300-ம் முழுதாகக் கிடைக்காது. அதற்கு மூன்று ஆன்டெனா வேண்டும். பெரும்பாலான லேப்டாப்பில் இரண்டுதான். அதனால் 867. அதுவும் ரவுட்டரும் லேப்டாப்பும் சங்கேதத்தில் பேசிக்கொள்ளும் வேகமே தவிர ஃபைல் போகும் வேகம் இல்லை. வைஃபை என்பது கல்யாண மண்டபத்தில் இருக்கும் ஒரே மைக் மாதிரி. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து ஃபிளாட்டுக்காரரும் அதே சேனலில் இருந்தால் அவருக்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பும் கைகுலுக்கலும் போக, நல்ல இடத்தில் உட்கார்ந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். இரண்டு சுவர் தாண்டினால் அதுவும் கோவிந்தா.

இதில் நாஸையும் வைஃபையில் இணைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து நாஸுக்கு இன்னொரு முறை, ஒரே ஃபைல் அதே காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. வேகம் பாதியாகாமல் என்ன செய்யும்? நாஸை ரவுட்டர் பக்கத்தில் வைத்துக் கேபிளில் இணைப்பதற்கு ஆகும் செலவு, மேஜையை நகர்த்தும் கூலிதான்.

அளந்து பார்த்தால் அரை மணி நேரம்

"மெதுவா இருக்கு" என்பது நோய் இல்லை, அறிகுறி. தலைவலி என்றவுடனே தலையை மாற்றச் சொல்லும் டாக்டரை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் நாஸ் விஷயத்தில் அதைத்தான் வைத்தியம் என்று ஊரே நம்புகிறது.

ஒரு ஃபைல் லேப்டாப்பிலிருந்து நாஸுக்குப் போக நான்கைந்து இடங்களைத் தாண்டுகிறது: லேப்டாப் டிஸ்க், நெட்வொர்க், நாஸின் பிராசசர், நாஸின் டிஸ்க். எது மெதுவோ அதுதான் மொத்த வேகம். ஒவ்வொன்றாகத் தனித்து நிறுத்திச் சோதித்தால் குற்றவாளி தானாக மாட்டுவார்.

முதலில் நெட்வொர்க்கை மட்டும். ஐபெர்ஃப்3 என்று ஓர் இலவச மென்பொருள். இரண்டு முனையிலும் ஓடவிட்டால், டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்து மெமரிக்கு டேட்டாவை அனுப்பி வேகத்தைச் சொல்லும். 940 மெகாபிட் வந்தால் நெட்வொர்க் நிரபராதி, விடுதலை. 94 வந்தால் மேலே சொன்ன கேபிள் கதை. நடுவில் எங்கேயாவது தாறுமாறாகக் குதித்தால் வைஃபை.

அடுத்து டிஸ்க்கை மட்டும். நாஸுக்குள்ளேயே ஒரு பெரிய ஃபைலை எழுதியும் படித்தும் பார்க்க வேண்டும். இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்போது சாதாரணமாகவே நொடிக்கு 150 மெகாபைட் தரும். அதாவது கிகாபிட் கேபிளைவிட டிஸ்க்கே வேகம்! "எஸ்எஸ்டி போட்டா பறக்கும்" என்று சொன்னவர் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். கேபிள் 118-ல் நிற்கும்போது டிஸ்க் 500-ல் ஓடினால் யாருக்கு லாபம்? (சின்னச் சின்ன ஃபைல்களை அங்குமிங்கும் தேடி எடுக்கும் வேலைக்கு எஸ்எஸ்டி உதவும் என்பது உண்மை. கல்யாண வீடியோ அந்த வேலை இல்லை.)

மூன்றாவதாகப் பிராசசர். காப்பி ஓடும்போது நாஸின் பக்கத்தைத் திறந்து பிராசசர் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த பெட்டியில் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், பூட்டுவதற்கும் திறப்பதற்குமே அதன் முழு மூளையும் செலவாகிவிடும். அல்லது முந்தின நாள் ஏற்றிய பத்தாயிரம் போட்டோவுக்கு அது பின்னணியில் குட்டிப் படம் தயாரித்துக்கொண்டிருக்கும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் தானாகச் சரியாகியிருக்கும்.

நான்காவதாக, என்ன ஃபைல் என்று பார்க்க வேண்டும். 10 ஜிபி வீடியோ ஒன்று சல்லென்று போகிறது, அதே 10 ஜிபிக்குச் சின்ன ஃபைல்கள் நகரவே மாட்டேன் என்கின்றன என்றால் அது பழுதே இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் "திறக்கலாமா", "உருவாக்கலாமா", "எழுதலாமா", "தேதி போடலாமா", "மூடலாமா" என்று கேள்வி பதில் நடக்கிறது. ஒரு ஃபைலுக்கு 20 மில்லிநொடி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 50,000 ஃபைலுக்கு 1000 நொடி. கிட்டத்தட்ட 17 நிமிடம் சும்மா கேள்வி பதிலிலேயே போகிறது. வீடு மாற்றும்போது சாமானை மூட்டை கட்டாமல் ஒவ்வொரு ஸ்பூனாகக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் எத்தனை நாள் ஆகும்? ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்பினால் முடிந்தது. புது நாஸ் வாங்கினாலும் ஸ்பூன் ஸ்பூனாகத் தூக்கினால் நேரம் எடுக்கத்தான் செய்யும்.

ஊகிக்காமல் பார்த்த ஒரு மாணவர்

வீட்டு நாஸ்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது சாம்பா என்ற இலவச மென்பொருள். விண்டோஸ் புரிந்துகொள்ளும் பாஷையில் லினக்ஸ் பெட்டியைப் பேச வைப்பது அதுதான். அது பிறந்த கதை இந்த விஷயத்துக்கு ரொம்பப் பொருத்தம். 1991 கடைசியில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். தன்னுடைய டாஸ் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் தெரிய வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்குக் கையில் ஆவணம் இல்லை. அவர் என்ன செய்தார்? கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். எது கேட்டால் எது பதில் வருகிறது என்று கவனித்து, அதே மாதிரி பதில் சொல்லும் சர்வர் ஒன்றை எழுதி 1992 ஜனவரியில் வெளியிட்டார். அதுவே பின்னாளில் சாம்பா ஆனது.

பரம்பரையே அளந்து பார்க்கும் பரம்பரை. அப்படிப் பிறந்த மென்பொருள் ஓடும் பெட்டிக்கு, கண்ணை மூடிக்கொண்டு வைத்தியம் சொல்கிறது ஊர்!

இந்தப் பாஷையிலும் மாற்றங்கள் நடக்கின்றன. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், புரோ உள்ளிட்ட வகைகளில், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்துப் போடுவது கட்டாயமான அமைப்பாக வந்தது. நடுவில் யாரும் டேட்டாவை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. நல்ல விஷயம்தான். ஆனால் நோஞ்சான் பிராசசர் உள்ள பழைய நாஸ் ஒவ்வொரு கையெழுத்தையும் சரிபார்த்து முடிப்பதற்குள் களைத்துப் போகலாம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அப்டேட் வந்ததிலிருந்து மெதுவாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது.

இங்கே ஒரு விபரீத ஆலோசனையும் உலவுகிறது. "பழைய எஸ்எம்பி1 முறையை ஆன் பண்ணு, எல்லாம் சரியாயிடும்." 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி முதல் தொழிற்சாலை வரை முடக்கிய வான்னக்ரை புழு, விண்டோஸில் இருந்த அந்த எஸ்எம்பி1-ன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிதாக நிறுவும்போது சேர்ப்பதை நிறுத்தத் தொடங்கியது. வேகத்துக்காக அதை மறுபடி திறப்பது, காற்று வரவில்லை என்று வாசற்கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம். அப்புறம், அந்தப் பழைய முறை வேகமும் இல்லை. இரண்டு விதத்திலும் நஷ்டம்.

மந்திரமும் தாயத்தும்

சீனியர் சொன்ன ஜம்போ ஃப்ரேமுக்கு வருவோம். சாதாரண பாக்கெட் 1500 பைட். ஜம்போ என்றால் 9000 பைட். முகவரிச் சீட்டுச் செலவு போகக் கிடைக்கும் பயன் சாதாரண பாக்கெட்டில் சுமார் 95 சதவீதம், ஜம்போவில் சுமார் 99. ஆக லாபம் நான்கு சதவீதம்! இந்த நாலு சதவீதத்துக்காக லேப்டாப், ஸ்விட்ச், நாஸ் எல்லாவற்றிலும் ஒரே அளவை வைக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் ஃபைல் பாதியில் தொங்கும், சில பக்கங்கள் திறக்காது, காரணம் தெரியாமல் மண்டை காயும். பத்து மடங்கு மெதுவான கேபிளை அப்படியே விட்டுவிட்டு நாலு சதவீதத்துக்கு மல்லுக்கட்டுவதை என்னவென்று சொல்வது?

இன்னொரு தாயத்து, நாஸில் இரண்டு போர்ட் இருக்கிறதே என்று இரண்டு கேபிள் சொருகி ஒன்றாக இணைப்பது. அப்படிச் செய்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காப்பி செய்யும்போது ஆளுக்கொரு கேபிள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரே ஆளின் ஒரே காப்பி ஒரு கேபிளில்தான் போகும். இரண்டு பஸ் விட்டால் கூட்டம் குறையும். ஒரு பயணி ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேர மாட்டார். (இரண்டு முனையும் எஸ்எம்பி மல்டிசேனல் ஆதரித்தால் கதை வேறு. ஆனால் அது வேறு அமைப்பு, இந்தக் கட்டிப்போடும் வேலை இல்லை.)

பெட்டி நிஜமாகவே ஏமாற்றிய கதை

"அப்போ பெட்டி மேல தப்பே இருக்காதா?" என்று கேட்டால், இருக்கும். 2020 ஏப்ரல் அதற்குச் சாட்சி.

ஹார்ட் டிஸ்க்கில் டேட்டாவை வட்டப் பாதைகளில் எழுதுவார்கள். எஸ்எம்ஆர் என்ற முறையில் அந்தப் பாதைகளைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அடுக்குகிறார்கள். அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். இதை மறைக்க டிஸ்க்கில் ஒரு தற்காலிக இடம் உண்டு. அது நிரம்பும் வரை வேகம் பிரமாதம். நிரம்பியதும் படுத்துவிடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள சில டிஸ்க்குகளில் இந்த முறையைச் சொல்லாமல் கொள்ளாமல் வைத்திருந்தது. நாஸில் ஒரு டிஸ்க் செத்து இன்னொன்றைப் போட்டால், பழைய டேட்டாவைத் திரும்ப அடுக்க மணிக்கணக்காக இடைவிடாமல் எழுத வேண்டும். எஸ்எம்ஆருக்கு ஆகவே ஆகாத வேலை அதுதான். புது டிஸ்க் சேராமல் கழன்றுகொள்வதைக் கண்டவர்கள் துருவினார்கள். பிளாக்ஸ் அண்ட் ஃபைல்ஸ் என்ற செய்தித்தளம் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. நிறுவனம் ஒப்புக்கொண்டு பட்டியல் வெளியிட்டது. அதே ஜூனில் பழைய முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 27 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. "மெதுவா இருக்கு, வேற வாங்கிடலாம்" என்று எல்லோரும் புது டிஸ்க் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ரெட்டை மறுபடி வாங்கியிருப்பார்கள்! ஏமாற்று வெளியே வந்ததே, சிலர் வாங்குவதை நிறுத்திவிட்டு அளக்க உட்கார்ந்ததால்தான். பெட்டி மேல் தப்பிருந்தாலும், அதைப் பிடிக்க வழி அளப்பதுதான்.

மெதுவு என்பது சில சமயம் மரண வாக்குமூலம்

இதுவரை பேசியது பணமும் நேரமும். இனி வருவது அதைவிடப் பெரிது.

விண்டோஸ் 8-லிருந்து காப்பி செய்யும்போது வேகத்தை வரைபடமாகக் காட்டுகிறது. அதன் வடிவமே பாதி நோயைச் சொல்லிவிடும். சமதளமாக, ஒரே எண்ணில் நின்றால் பாதை குறுகல், அதாவது கேபிளோ போர்ட்டோ. முதலில் உச்சியில் ஓடிப் பிறகு பள்ளத்தில் விழுந்தால் தற்காலிக இடம் நிரம்பிய கதை. நன்றாக ஓடி, திடீரென்று பூஜ்யத்துக்குப் போய், சில நொடி மூச்சை நிறுத்தி, மறுபடி ஓடினால்? வைஃபையாக இருக்கலாம். கேபிளிலும் அப்படியே என்றால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். கெட்டுப்போன ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மூச்சுத்திணறல் அப்படித்தான் தெரியும்.

ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற குறிப்பேட்டைத் தனக்குள் வைத்திருக்கிறது. அதில் 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிவைத்த இடங்களின் எண்ணிக்கை. 197-ஆம் வரி, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை. இவை ஏறிக்கொண்டே போனால் அளப்பதையும் நிறுத்திவிட்டு, முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும். 199-ஆம் வரி மட்டும் ஏறினால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பின் மேல்தான் முதல் சந்தேகம்.

இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்குப் போய் "புது ரவுட்டர் போடுங்க" என்று சொல்பவர் செய்வது ஆலோசனையா? நெஞ்சுவலிக்கு ஜெலுசில் கொடுத்து அனுப்பும் வேலை அது. புது ரவுட்டர் வந்து, மாட்டி, பாஸ்வேர்டு வைத்து முடிப்பதற்குள் டிஸ்க் போய்ச் சேர்ந்திருக்கும். தாத்தா உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசி வீடியோ அதில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொரு வழியிலும் மெதுவு டேட்டாவைக் கொல்கிறது. ஐந்து மணி நேரம் ஆகிறதே என்று அலுத்துப்போய் பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். "நாஸில் இரண்டு டிஸ்க் இருக்கே, ஒன்று போனால் இன்னொன்று" என்று சமாதானம் வேறு. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தேதான் அழியும். நூறு ரூபாய்க் கேபிள் ஒன்று பேக்கப் பழக்கத்தையே சாகடித்துவிட்ட வீடுகள் இருக்கத்தான் செய்யும்.

பெட்டிக்குத் தெரியும், சொல்லாது

"சாதாரண மனுஷனுக்கு இதெல்லாம் தெரியணுமா? அம்மாவும் அப்பாவும் ஐபெர்ஃப் ஓட்டணுமா?" என்று கேட்பது நியாயம். தெரிய வேண்டியதில்லை. ஏனென்றால் பெட்டிக்கே எல்லாம் தெரியும்.

கேபிள் 1000-ல் இணைந்ததா 100-ல் இணைந்ததா என்பது நெட்வொர்க் சிப்புக்கு முதல் நொடியிலேயே தெரியும். பிராசசர் மூச்சுத்திணறுவது நாஸுக்குத் தெரியும். 197-ஆம் வரி ஏறுவது டிஸ்க்குக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே வைத்திருக்கிறார்கள்? மூன்று மெனுவுக்கு உள்ளே. போர்ட் விளக்கின் நிறத்தில், யாரும் பிரிக்காத கையேட்டின் நடுப் பக்கத்தில். தம்பியின் கண் முன்னால் இருக்கும் திரையில் மட்டும் "மீதம் 4 மணி 50 நிமிடம்" என்ற புலம்பல். பெட்ரோல் தீரப்போகிறது என்று சின்ன ஸ்கூட்டர்கூட விளக்குப் போட்டுச் சொல்கிறது. பல ஆயிரம் ரூபாய் நாஸுக்கு "கேபிள் 100-ல் இணைந்திருக்கிறது, அதனால்தான் மெதுவு" என்று ஒரு வரி காட்டத் தெரியாதா?

தெரியும். காட்டினால் கேபிள் விற்கும். காட்டாவிட்டால் பெட்டி விற்கும். திட்டமிட்ட சதி என்று சொல்லத் தேவையில்லை. காட்டாததால் நஷ்டம் விற்பவருக்கு இல்லை என்பதே போதும், அந்த ஒரு வரி வராமல் போவதற்கு. அது வரும் வரை அந்த வேலையைச் செய்ய வேண்டியது வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள். "மாத்திடலாம்" என்று சொல்ல ஒரு நொடி. "எண்ணைச் சொல்லு" என்று கேட்கவும் ஒரு நொடிதான்.

கல்யாண வீட்டில் கேட்டிருந்தால் உரையாடல் இப்படிப் போயிருக்கும்.

"எவ்வளவு காட்டுதுடா?"

"பதினொன்னரைண்ணா."

"கேபிளை மாத்திப் பாரு."

"...அண்ணா, நூத்திப் பத்துண்ணா!"

"சரி, வா. சாப்பிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடும்."